நான்காவது குரல்

இன்று முற்பகல் ஸ்பிரிங்வேலில் மீன் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். மீன் வெட்டுகிற பெண் தன் கைபேசியை ஐஸ் படாத ஓரிடத்தில் சாய்த்து வைத்து ஏதோ பாட்டு ஓடவிட்டிருந்தாள். நான் பாட்டைக் கவனிக்கவில்லை. திடீரென்று ஒரு மெல்லிய இயந்திரத் தாளம் வந்தது. அதன்மேல் பாதி மூச்சும் பாதிப் பாட்டுமாக ஒரு சின்னப் பெண்ணின் குரல் ஏறியது. என் முறை வந்ததோ, அந்தப் பெண் என்ன வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டதோ எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர் தோளைத் தொட்ட பிறகுதான் விழித்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீன் வாங்காமலேயே வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

நீ போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன. மீன்கடையில் ஓடிய அந்த ஜப்பானியப் பாட்டை உன்னோடு சேர்ந்து எத்தனையோ குரல்களில் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு குரலை மட்டும் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை முதலில் பார்த்தது நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசைக்கு அந்தப் பக்கம். உன் முன்பல் ஒன்றில் பாதி இல்லை. உன் கணவர் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு அவர் என்றுதான் சொன்னேன். இப்போது அவன் என்றே எழுதுகிறேன்.

"எப்பிடி உடைஞ்சது?" என்று உன்னிடம் கேட்டேன்.

"படியில வழுக்கி விழுந்துட்டாங்க," என்றான் அவன்.

"எப்ப விழுந்தனீங்கள்?"

"நேத்து சாயங்காலம்," என்றான் அவனே.

மிகவும் மரியாதையாகப் பேசினான். தமிழ் பேசுகிற ஆளை மருத்துவமனையில் கண்டதில் எவ்வளவு சந்தோஷம் என்றான். கோயம்புத்தூர் என்றான், பொறியாளர் வேலை என்றான், மகளின் பள்ளிக்கூடத்துக்காகத்தான் கிளென் வேவர்லியில் வீடு எடுத்தோம் என்றான். நீ தலை குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய். உதட்டைத் திறக்காமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தாய். எனக்கு அந்த மெட்டு தெரிந்திருந்தது. சிறு வயதில் எங்கள் வீட்டு வானொலியில் செய்தி தொடங்கும் முன் வருகிற வாத்திய இசை அது. அதற்குச் சொற்கள் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"இந்த மெட்டு எனக்குத் தெரியும்," என்றேன்.

அப்போதுதான் நீ முதல்முறை நிமிர்ந்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய்.

"ஜப்பான்ல நாலு வருஷம் இருந்தோம்," என்று அவன் சிரித்தான். "அங்க பிடிச்ச பைத்தியம் இது."

பிறகு ஒரு மாதம் கழித்து உன் மகள் மிதுவின் பிறந்தநாளுக்கு என்னையும் என் கணவரையும் அழைத்தீர்கள். எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் உங்கள் வீடு. உள்ளே நுழைந்ததும் நான் படியைத் தேடினேன். மாடி இல்லாத வீடு. வாசலில் அரையடி உயரத்தில் ஒரே ஒரு கல்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அதை என் கணவரிடம் சொன்னேன். "ஒரு படியிலயும் விழலாம் தானே," என்றார். "எவ்வளவு தங்கமான மனுசன். பிறத்தி வீட்டுக் கதை எங்களுக்கு ஏன்?" அவரைக் குறை சொல்லவில்லை. கோயிலில் எல்லாரும் உன் கணவனைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் அரை மணி நேரம் உனக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. மூன்று மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மூன்றே முக்காலுக்கு மிதுவோடு திரும்பிவிட வேண்டும். எனக்கு அரைநாள் வேலை இருக்கிற நாட்களில் பள்ளிக்கூட வேலியோரம் கிடந்த நீள மர வாங்கில் வந்து உன்னோடு உட்காருவேன். ஆரம்பத்தில் நான் உன்னை 'நீங்கள்' என்றேன். கொஞ்சம் நெருங்கிய பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி 'நீர்' என்றேன். "தண்ணியாக்கா நான்?" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து 'நீ' ஆகிவிட்டாய்.

அந்த வாங்கில்தான் பாட்டின் கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. யோகோஹாமாவில் ஒரு பெரிய கடையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற வேலை செய்தாயாம். கடை மூடும் நேரத்தில் தினமும் அந்தப் பாட்டைப் போடுவார்களாம். நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன் வந்த பாட்டு. கூட வேலை செய்த பெண் ஒவ்வொரு வரியாகக் காகிதத்தில் எழுதி உனக்குப் பொருள் சொல்லியிருக்கிறாள். ரயில் நிலையத்தில் ஒருத்தி நிற்கிறாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து விசில் ஊதுங்கள் என்று ரயில் கார்டைக் கேட்கிறாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஹெட்போனின் ஒரு குமிழ் உன் காதிலும் மற்றக் குமிழ் என் காதிலுமாகக் கேட்போம். முதலில் மூலப்பாட்டு: எக்காளம் முழங்க, இருபது வயதுப் பாடகியின் துள்ளும் குரல். அடுத்தது அதே பாடகி அறுபது வயதுக்கு மேல் மறுபடி பாடியது. பியானோ மட்டும்தான். சுருதியை நன்றாக இறக்கியிருந்தார். "அக்கா, இதுல அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, யாரும் வரப்போறதில்லைன்னு," என்றாய். மூன்றாவது ஹாங்காங்கில் ஒரு ஆண் சீன மொழியில் பாடியது. அதில் ரயிலும் இல்லை, விசிலும் இல்லை. காதலியைப் பிரிந்தவனின் புலம்பலாக மாற்றிவிட்டார்கள். "மெட்டை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டாங்க," என்று நீ கோபித்துக்கொண்டாய். ஆனால் அதையும் விடாமல் கேட்பாய்.

ஒரு நாள் நீ வாங்கில் மிக மெதுவாக உட்கார்ந்தாய். ஒரு கை விலாவைப் பிடித்திருந்தது.

"என்னடி?"

"மூச்சு விட்டா வலிக்குதுக்கா."

"பொலிசுக்குச் சொல்லுவம். இப்பவே."

என் மணிக்கட்டை நீ அப்படி இறுக்கிப் பிடித்தாய். "வேண்டாம்க்கா. அவர் விசாலதான் நான் இருக்கேன். போலீஸ் வந்தா என்னை மட்டும் ப்ளேன் ஏத்திருவாங்களாம். மிது இங்கேயே அவர்கூட இருப்பாளாம். சத்தியம் பண்ணுங்க."

பண்ணிக்கொடுத்தேன். அப்படியான நிலையில் இருக்கிற பெண்களுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடம் இங்கே இருந்தவள் நான். ஒருவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அவன் ஒவ்வொரு மாலையும் உன் கைபேசியை வாங்கிச் செய்திகளைப் படிப்பான். யாரோடு பேசினாய், எத்தனை நிமிடம், எதற்குச் 'சரிக்கா' என்று எழுதினாய், எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பான். பாட்டை மட்டும் கேட்கமாட்டான். அது உன் பைத்தியம். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது நீதான்.

"தினம் பன்னெண்டு பத்துக்கு உங்களுக்கு ஒரு பாட்டு அனுப்பறேன்," என்றாய். "சின்ன வயசுக் குரல்னா நான் நல்லாருக்கேன். வயசானவங்க குரல்னா இன்னைக்கு வராதீங்க, போன் பண்ணாதீங்க. ஹாங்காங் ஆளு பாடினா மட்டும் உடனே வாங்க. எந்த நேரமா இருந்தாலும்."

எட்டு மாதம் அப்படி ஓடியது. பன்னிரண்டு பத்துக்கு என் கைபேசி அதிரும்போது, எதிரே நிற்கும் நோயாளியிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுக் காதில் வைப்பேன். எக்காளம் கேட்டால் தோள் தளரும். பியானோ வந்தால் அன்றைக்கு எதுவும் தொண்டைக்குள் இறங்காது. சீனக் குரல் இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை வீட்டில் இருந்த கொழுக்கட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஓடினேன். மற்றத் தடவை மிதுவின் நூலகப் புத்தகம் எங்கள் வீட்டில் கிடந்தது என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு தடவையும் அவன் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தான். "வாங்கக்கா, டீயா காபியா?" விருந்தாளி வந்தால் அவன் வேறு ஆள். நான் போகாமல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். நீ தேநீர் ஊற்றிவிட்டுக் குசினி வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாய். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அது போதும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பத்து இருபதுக்குச் செய்தி வந்தது. வழக்கமான நேரம் இல்லை. மேசைக்கு முன்னால் ஒரு கிழவர் செயற்கைப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காதில் குமிழைச் செருகினேன். எக்காளம் இல்லை, பியானோ இல்லை, ஆண் குரல் இல்லை. இயந்திரத் தாளமும் மூச்சுக் குரலில் ஒரு சின்னப் பெண்ணும். அந்த வருடம் புதிதாக வந்த பதிப்பு.

இது எங்கள் மூன்றில் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. தெளிவாகத் தோன்றியது. இதை நான் உனக்கு வெகுகாலம் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி நின்றேன். போகவா, அழைக்கவா, அழைத்தால் அவன் எடுப்பானா, ஒன்றுமில்லாததற்குப் போய் நிற்பேனா. கிழவர் மேசையைத் தட்டினார். எனக்குக் களைப்பாக இருந்தது. எட்டு மாதமாகப் பயந்து பயந்து களைத்திருந்தேன். புதுப்பாட்டு கண்டுபிடித்திருக்கிறாள், பகிர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுக் கிழவரிடம் திரும்பினேன்.

பன்னிரண்டு பத்துக்குப் பாட்டு வரவில்லை. பன்னிரண்டே காலுக்கும் வரவில்லை. பழைய செய்திகளைப் பின்னுக்குத் தள்ளி, ஹாங்காங் ஆளின் பாட்டைத் தேடித் தொட்டேன். இந்தக் காணொளி இப்போது கிடைக்காது என்று சாம்பல் நிறத் திரை வந்தது.

யாரோ அதை அழித்துவிட்டார்கள். உனக்கு அது கிடைத்திருக்காது. அவசரத்தில் பாட்டின் பெயரைத் தேடியிருப்பாய். முதலில் வந்து நின்றதை அனுப்பியிருப்பாய்.

கைப்பையைக்கூட எடுக்கவில்லை. சாவியும் கைபேசியும்தான். ஸ்பிரிங்வேல் ரோட்டில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்டியரிங்கைக் கையால் அடித்தேன். உங்கள் வீட்டு முற்றத்தில் அவன் கார் நின்றது. வேலைநாளில் நிற்கக்கூடாத கார்.

மணியை அழுத்தினேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தான். சட்டைக் கழுத்து ஈரமாக இருந்தது.

"வாங்கக்கா," என்றான். ஆனால் வழி விடவில்லை. "அவ கடைக்குப் போயிருக்கா."

"எந்தக் கடைக்கு?"

"காய்கறி வாங்க. வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

நீ அவனில்லாமல் கடைக்குப் போனதே இல்லை. நான் கைபேசியை எடுத்து உன் எண்ணை அழுத்தினேன். அவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து எக்காளம் முழங்கியது. அந்த இருபது வயதுப் பாடகி முழுக் குரலில் பாடத் தொடங்கினாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவன் கையைப் பைக்குள் விடவில்லை, நானும் அழைப்பை வெட்டவில்லை. இரண்டு பேரும் வாசலில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டோம். முதல் நான்கு வரிகளும் முடிந்து அழைப்பு தானாக நின்றது.

அப்போது வலப்பக்கத்தில் கார் நிறுத்தும் கராஜின் தகரக் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. பலம் இல்லாத தட்டு.

"அக்கா," என்றான் அவன். குரல் அப்போதும் மரியாதையாகத்தான் இருந்தது. "இது எங்க குடும்ப விஷயம். நீங்க வீட்டுக்குப் போங்க." கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனை மறுபடி உன்னிடம் அனுப்பிவைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. சத்தியம் நினைவுக்கு வந்தது. அதை உடைத்தேன். அவசர எண்ணை அழுத்தி, எதிரே பேசிய பெண்ணிடம் தெரு, வீட்டு இலக்கம், பூட்டிய கராஜ், உள்ளே ஒரு பெண் என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்து கராஜ் முன்னால் சீமெந்தில் படுத்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

"நான் இஞ்சதான் நிக்கிறன். பொலிஸ் வருது," என்று அந்த இடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன்.

உள்ளேயிருந்து உன் குரல், காய்ச்சல்காரியின் குரல்போல: "மிதுவை மூணரைக்கு யாருக்கா கூட்டிட்டு வருவாங்க?"

"நான் கூட்டிக்கொண்டு வருவன். நீ கதைச்சுக்கொண்டு இரு."

"கை தூக்க முடியலக்கா."

அதற்குள் உள்ளே ஒரு பூட்டுத் திறந்தது. வீட்டுப் பக்கமிருந்து கராஜுக்கு வரும் கதவு. செருப்புச் சத்தம் உன்னிடம் வந்து நின்றது. அவன் தாழ்ந்த குரலில் பேசினான். "எந்திரி. உள்ள வந்து படு. கேட்டா விழுந்துட்டேன்னு சொல்லு. மிதுவை நெனச்சுக்கோ."

நீ பதில் சொல்லாத அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. சீமெந்தின் சூடு என் கன்னத்தில் ஏறியது. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி செடி வெட்டும் கத்திரியோடு தெருவைக் கடந்து வந்து என் தலைமாட்டில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நின்றார்.

"வர மாட்டேன்," என்றாய்.

அவன் இன்னும் ஒரு எட்டு வைத்தான். நான் என் வாழ்நாளில் போடாத சத்தம் போட்டேன். "தம்பி! நீர் கதைக்கிறது எல்லாம் எனக்குக் கேக்குது. டெலிபோனில பொலிசுக்கும் கேக்குது. அவளில கை வைக்காதையும்!"

பொலிஸுக்குத் தமிழ் தெரியாது. அது அவனுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. செருப்புச் சத்தம் பின்வாங்கியது. பொலிஸ் வர ஒன்பது நிமிடம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். அந்த ஒன்பது நிமிடமும் நீ யோகோஹாமாவில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் முறையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான்தான் கேட்டேன். முதலில் சோறு, பிறகு முட்டை, மூலையில் ஊறுகாய். கதவு உயர்ந்தபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். இடது மணிக்கட்டு தவறான பக்கம் திரும்பியிருந்தது.

மூன்றரைக்கு மிதுவை நான் கூட்டி வந்தேன். பத்து வயதுப் பிள்ளை. காரில் ஏறியதும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "Is Amma alive?" அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள்தான் பாட்டுக்குள் ஒளித்துவைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விசாவுக்கு வழி இருந்தது. உனக்கென்று அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் பெண் முதல் சந்திப்பிலேயே சொன்னாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். என்ன நடந்தது என்று நீதிமன்றத்தில் வாசித்தார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுகள் மேல் அவனுக்குச் சில நாட்களாகவே சந்தேகமாம். நீ அதை அனுப்பிய மறுநிமிடமே அறைக்குள் வந்து கைபேசியைப் பிடுங்கியிருக்கிறான். உன்னை எதிரே உட்காரவைத்து, நான் என்ன பதில் போடுகிறேன் என்று பார்த்திருக்கிறான். என் கட்டைவிரல் வந்திருக்கிறது. திரையை உன் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்தியா, உங்க அக்காவுக்குப் பாட்டு பிடிச்சிருக்கு," என்று சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் கையை முறித்திருக்கிறான்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதை ஆங்கிலத்தில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நடைபாதையில் நீ என்னைத் தேடி வந்தாய்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா அதுக்கப்புறம் நான் அனுப்பற பாட்டை நீங்க கேப்பீங்களா?" என்றாய். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? அது நம்ம லிஸ்ட்லயே இல்லையே."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, தோன்றியும் கட்டைவிரலை அனுப்பினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். அவன் முறித்த அந்தக் கையால். நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் உன் பக்கம் வரக்கூடாது என்று ஆணை கிடைத்தது. நீயும் மிதுவும் ஸ்பிரிங்வேலில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோனீர்கள். முதல் வருடம் முழுவதும் கதவு மணி அடித்தால் நீ ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்க்காமல் திறந்ததில்லை. பிறகு ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் வேலை எடுத்தாய். பக்கத்து வீட்டு வியட்நாம் பெண் நீ பாடுவதைக் கேட்டு, இது எங்கள் பாட்டு, எங்கள் அம்மா பாடுவார் என்று அடித்துச் சொன்னாளாம். அவர்கள் மொழியில் அது கடல் தாண்டிப் போனவர்களின் பாட்டு. ஞாயிறு மதியங்களில் அவள் வீட்டு வரவேற்பறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இருவரும் ஒரே மெட்டை இரண்டு மொழியில் போட்டி போட்டுப் பாடுவீர்கள். மிது காதைப் பொத்திக்கொண்டு, "Amma, please!" என்பாள்.

அந்த நான்காவது குரலையும் நீ வெறுக்கவில்லை. காரில் போட்டுக் கேட்பாய். நான் கையை நீட்டி நிறுத்துவேன். "பாவம்க்கா அந்தப் பொண்ணு, அவ என்ன பண்ணினா? நல்லாத்தான் பாடறா," என்பாய்.

மிதுவின் கடைசிப் பள்ளிக்கூட வருடத்தில் உனக்கு நோய் வந்தபோது, மீதி நாளை வைத்தியர்கள் மாதக் கணக்கில்தான் பேசினார்கள். நீ அதற்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டாய். கடைசி வாரத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரி ஜன்னலில் நல்ல வெயில். மிது கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். நான் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டேன். இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தெரிந்தது.

"அண்டைக்கு அந்தப் பாட்டு வந்தவுடன..." என்று தொடங்கினேன்.

"தெரியும்க்கா," என்றாய்.

"உனக்குத் தெரியாது. எனக்கு விளங்கினது. இது மூண்டில ஒண்டில்லை எண்டு விளங்கினது. விளங்கியும் கட்டைவிரல் போட்டனான்."

நீ கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினாய். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்செடுத்தாய். "நீங்க பாட்டைத் தொறந்ததும் நீல டிக் விழுந்துச்சு. அவன் கையில இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் வரல. புடிச்சிருந்தா உடனே போட்டிருப்பீங்க. அக்கா யோசிக்கறாங்கன்னு நெனச்சேன். அந்த ரெண்டு நிமிஷமும் வந்துருவீங்க, வந்துருவீங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்."

நான் உன் கையில் முகத்தை வைத்து அழுதேன். நீ மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றுவரை உனக்கு நன்றியோடு இருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, வேலைக்காரியிடம் வேலை சொல்லுகிற குரலில் ஒன்று சொன்னாய். "இனி யாராச்சும் ஏதாச்சும் அனுப்பினா, கட்டைவிரல் பொம்மை போடாதீங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

மிது கோப்பிகளோடு வந்தாள். நீ மூன்றாம் நாள் போய்விட்டாய்.

நீ சொன்னதை நான் செய்துகொண்டிருக்கிறேன். என் கைபேசியில் இப்போது யாருக்கும் கட்டைவிரல் போகாது, இதயம் போகாது, சிரிக்கிற முகம் போகாது. கோயிலில் பழகிய பெண்கள், வேலையிடத்துப் பிள்ளைகள், கெல்லிவில்லில் இருக்கிற என் தங்கச்சி, யார் பூவின் படம் அனுப்பினாலும், தோசையின் படம் அனுப்பினாலும் அழைத்துவிடுவேன். வீட்டில் என் கணவர் தலையில் அடித்துக்கொள்கிறார். சில பேர் எனக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

போன கிழமை மிது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பூனைப் படம் அனுப்பினாள். வகுப்பு நேரம் என்று தெரிந்தும் அழைத்தேன். மூன்று தடவை ஒலித்த பிறகு எடுத்தாள்.

"அன்ரி, it's just a cat," என்றாள் இரகசியக் குரலில். "I'm in a lecture."

"ஓம் பிள்ளை, தெரியும்," என்றேன். "வெளியில வந்து ஒரு சொல்லுக் கதை."

கதிரை நகரும் சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். பிறகு உன் மகள், உன்னைப்போலவே இழுத்து, தமிழில் சொன்னாள்:

"நல்லாருக்கேன் அன்ரி. நெஜமா."